காய்ச்சலுக்கு முன்னே ஓடும் கதைகள்: யாழ்ப்பாணத்து நோய்க்காலப் புரளிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடமராட்சியில் எங்கள் வாசிகசாலைத் திண்ணையில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு பத்திரிகை வாசிப்பது குறைவு, கதைப்பதுதான் அதிகம். 2024 டிசெம்பரில் காய்ச்சல் பரவியபோது அங்கே கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிவைக்கத் தொடங்கினேன். கொரோனாக் காலத்தில் கேட்கப்பட்டவையும் நினைவிலிருந்து வந்து சேர்ந்துகொண்டன. நான் வைத்தியர் அல்லன், ஓய்வுபெற்ற ஆசிரியன். மருத்துவம் சார்ந்த விடயங்களில் வைத்தியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டதைத் தாண்டி எதுவும் எழுதவில்லை. கோபம் தெரியும் இடங்கள் மட்டும் என்னுடையவை.

வதந்தி, தவறான தகவல், பொய்த்தகவல் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. தெரியாமல் சொல்வது தவறான தகவல். பொய்யென்று தெரிந்துகொண்டே, ஆதாயத்துக்காகவோ இன்னொருவரைக் கெடுப்பதற்காகவோ சொல்வது பொய்த்தகவல். வதந்தி இரண்டுக்கும் முந்தியது. உறுதியான விவரம் எவரிடமும் இல்லாத வேளையில் ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் விளக்கம் அது. சில சமயம் உண்மையாகவும் முடிந்துவிடும்.

ஒரே செய்தி கைமாறும்போது இனம் மாறிவிடுவதுதான் சிக்கல். முதலில் புனைந்தவன் பொய் சொல்கிறான். அதை அனுப்பும் ஆயிரம் பேரும் அக்கறைப்படுகிறார்கள். காகமாகச் சத்தியெடுத்தவனின் கதை நமக்குத் தெரியும். கறுப்பாக ஏதோ சத்தியெடுத்தான் என்றார் ஒருவர், காகம் போலக் கறுப்பு என்றார் அடுத்தவர், மூன்றாமவர் சொல்லும்போது வாயிலிருந்து காகமே பறந்துவிட்டது. அந்தக் கதையில் பொய்யர் என்று யாரைப் பிடிப்பீர்கள்?

யாழ்ப்பாணத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது?

இங்கே மட்டும் அல்ல. 2020 தொடக்கத்திலேயே உலக சுகாதார நிறுவனம், நோயோடு தகவல் வெள்ளமும் சேர்ந்து பரவுகிறது என்று எச்சரித்தது. ஈரானில் மதுசாரம் கிருமியைக் கொல்லும் என்று நம்பி மெதனோல் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஆனால் நம் ஊருக்கென்று சில வழித்தடங்கள் இருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா கரவெட்டியில், மூத்தவர் ரொரன்ரோவில், அடுத்தவர் பாரிசில், சித்தி சென்னையில். எல்லோரும் ஒரே வட்ஸ்அப் குழுவில். ரொரன்ரோவில் இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு ஒருவர் அனுப்புவது இங்கே விடியற்காலையில் வந்து விழுகிறது. எழுந்தவுடன் தேநீருக்கு முன் பார்க்கும் முதல் விடயம் அதுதான். அனுப்பியவர் யாரோ எவரோ அல்லர், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காசு அனுப்பிய மகன். அவன் சொல்வதை நம்பாமல் கிராம அலுவலர் ஒட்டிய அறிவித்தலை நம்பு என்றால் எந்தத் தாய் கேட்பாள்?

இரண்டாவது வழி தமிழ்நாடு. மொழி ஒன்று என்பதால் அங்கே பரவும் குரல் பதிவு அப்படியே இங்கே வந்துவிடும். அங்கே சொல்லப்படும் மாவட்டமும் ஆஸ்பத்திரியும் மட்டும் வழியில் மாறி, மதுரை மானிப்பாய் ஆகிவிடும்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது: காலியிடம். சுகாதார அறிவித்தல் ஒன்று கொழும்பில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்து, தமிழாக்கப்பட்டு, நம் கைக்கு வருவதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ போய்விடும். வந்த தமிழும் சில வேளை தமிழ்தானா என்று இரண்டு முறை வாசிக்க வேண்டியிருக்கும். வதந்தியோ நல்ல யாழ்ப்பாணத் தமிழில், நம் அன்ரியின் குரலில், உடனே வருகிறது. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், ஆக்குவித்தார். அந்த மண்ணில் உட்கார்ந்து நாம் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கிறோம்.

2024 டிசெம்பர் ‘மர்மக் காய்ச்சல்’ என்னதான் நடந்தது?

நவம்பர் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த மழையில் குடாநாட்டின் பல பகுதிகள் வெள்ளத்தில் நின்றன. டிசெம்பர் இரண்டாம் வாரத்துக்குள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். குறைந்தது ஏழு பேர். பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் பாதிப்பு அதிகம். என்ன காய்ச்சல் என்று உறுதியாகும் வரை எல்லார் வாயிலும் ‘மர்மக் காய்ச்சல்’தான். பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

அந்தப் பெயரில்லாத சில நாட்களைத்தான் நான் மறக்க மாட்டேன். திண்ணையில் ஒரே மாலையில் மூன்று விளக்கங்கள் கேட்டேன். கொரோனா திரும்பிவிட்டது, மறைக்கிறார்கள் என்றார் ஒருவர். கிணறுகளில் ஏதோ கலந்திருக்கிறது என்றார் இன்னொருவர். காய்ச்சல்காரர் வீட்டுப் பக்கம் போனாலே தொற்றிவிடும் என்றார் மூன்றாமவர். இந்த மூன்றாவது கதைதான் உண்மையில் கெடுதல் செய்தது. வெள்ளத்தில் கட்டில் மெத்தை எல்லாம் நனைந்து கிடந்த வீட்டுக்கு உதவிக்குப் போக ஆட்கள் தயங்கினார்கள். எலிக்காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அரிது. எலியும் மாடும் போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரோ சேறோ, தோலில் உள்ள கீறல் வழியாகவோ கண், வாய், மூக்கு வழியாகவோ உடலில் புகும்போதுதான் நோய் வருகிறது. ஆகவே பயப்பட வேண்டியது அயலவரை அல்ல, காலில் காயத்தோடு வயலிலும் வெள்ளத்திலும் இறங்குவதை.

நோய் புகுந்து வெளித்தெரியப் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் ஆகும். வெள்ளம் வடிந்த பிறகு காய்ச்சல் தொடங்கியதன் காரணம் இதுதான். ‘வெள்ளம் நின்ற பிறகு எப்படி வெள்ளத்தால் வரும்?’ என்று கேட்டு மற்றவர் வாயடைத்தவருக்கு அன்று விடை சொல்ல எனக்கும் தெரியவில்லை. கடும் காய்ச்சல், கெண்டைக்காலில் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் இருந்தால், வயலில் நின்றேன், வெள்ளத்தில் நடந்தேன் என்பதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வரி சிகிச்சையை முன்கூட்டியே தொடங்க வைக்கும்.

எலிக்காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை எல்லோரும் குடிக்கலாமா?

இல்லை. வயலில் வேலை செய்பவர்கள், வெள்ள நீரில் இறங்கியவர்கள் போன்றோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக முன்காப்பாகக் கொடுப்பது அது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாது. காய்ச்சல் வந்துவிட்டால், முன்காப்பு மாத்திரை குடித்திருக்கிறேனே என்று வீட்டில் இருந்துவிடவும் கூடாது.

2020இல் கொரோனாவை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தது ஒரு கிறிஸ்தவ சபைதான் என்கிறார்களே?

நடந்ததைச் சொல்கிறேன். 2020 மார்ச் நடுப்பகுதியில் அரியாலையில் நடந்த ஓர் ஆராதனைக்குச் சுவிற்சர்லாந்திலிருந்து போதகர் ஒருவர் வந்திருந்தார். அவர் திரும்பிப் போன பிறகு அவருக்குத் தொற்று இருந்தது தெரியவந்தது. கூட்டத்துக்குப் போனவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். சிலருக்குத் தொற்று உறுதியானது. குடாநாடு வாரக்கணக்கில் ஊரடங்கில் கிடந்தது. இவ்வளவும் உண்மை.

பொய் தொடங்கியது இதற்கு அடுத்த வரியில். ‘வேண்டுமென்றே பரப்பினார்கள்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு சபை என்பது ஒரு சமயம் என்றாகி, அந்தக் கூட்டத்தைக் கண்ணாலும் காணாத, வேறு ஊரில் வேறு கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பங்களைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்க்கும் அளவுக்கு வந்தது. அன்றைய நாட்களில் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த எவரும் கொண்டுவந்திருக்கக் கூடியதுதான் அந்தக் கிருமி. ஒரு கலியாண வீட்டுக்கு இலண்டனிலிருந்து வந்த மாமா கொண்டுவந்திருந்தால் நாம் கலியாணத்தைப் பழித்திருப்போமா?

இதில் நடைமுறைக் கெடுதலும் உண்டு. பழி விழும் என்று பயந்தால், போனவர் போகவில்லை என்பார். தொடர்பாளர்களைத் தேடி வீடு வீடாகப் போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தேவைப்படுவது உண்மை சொல்லும் ஆட்கள். ஊர்ப்பழி அந்த ஆட்களைத்தான் முதலில் ஒளிந்துகொள்ள வைக்கிறது.

அப்படியென்றால் அரசாங்கம் சொல்வதையெல்லாம் நம்பிவிட வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சுருக்கமாகவும் சொல்ல மாட்டேன்.

2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த எவரையும் எரிக்கவே வேண்டும் என்று வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது. புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனம் புதைக்கவும் எரிக்கவும் இரண்டுக்கும் இடமளித்திருந்தது. உலகம் முழுக்கப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் 2021 பெப்ரவரி இறுதி வரை இந்நாட்டு முஸ்லிம்களின் உடல்கள் அவர்களின் மார்க்கத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான குழந்தை உட்பட. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நோய்க்காலப் பொய்த்தகவல் என்றால் கைத்தொலைபேசியில் வரும் குரல் பதிவு மட்டும் அல்ல என்று நான் திண்ணையில் சண்டை பிடிப்பது இதனால்தான். இந்தப் பொய் முத்திரை குத்தி, மூன்று மொழிகளிலும் வந்தது.

அதன் வால் வடக்குக்கும் வந்தது. தடை நீங்கியபோது, புதைக்கும் இடமாக முதலில் அறிவிக்கப்பட்டது பூநகரிக் கடலில் இருக்கும் இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்து, 2018இல்தான் போராடித் தங்கள் மண்ணுக்குத் திரும்பியிருந்த மக்கள் அங்கே. அவர்களும் குருமாரும் எதிர்த்து நின்றார்கள். அடக்கம் பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் நடந்தது. ஒரு வருடமாக ‘நிலத்தடி நீர் கெடும்’ என்று சொல்லிவிட்டு, நீரே அரிதான ஒரு தீவுக்கு உடல்களைக் கொண்டுபோகப் பார்த்தால் அந்த மக்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ கட்டிய பொய்யின் பாரத்தை இரண்டு சிறுபான்மைகளின் தலையில் ஏற்றி, ஒன்றையொன்று பார்க்க வைத்த வேலை அது.

2020 டிசெம்பரில் கேகாலையில் ஒருவர் காளி அம்மன் அருளால் தெரிந்த பாணி மருந்து (சிரப்) கொரோனாவைத் தீர்க்கும் என்றார். தொற்றுக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே அதைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று வந்தது. நாம் இங்கே சிரித்தோம். சிரித்த வாயோடு இஞ்சி, மிளகு, மஞ்சள் அவித்து மூன்று வேளையும் குடித்துக்கொண்டிருந்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஊர்க்கதை உண்மையாக முடிந்த சந்தர்ப்பம் உண்டா?

உண்டு. சுன்னாகம். கிணற்று நீரில் எண்ணெய் வாடை வருகிறது என்று அங்குள்ள மக்கள் சொல்லத் தொடங்கியபோது அதைப் பீதி கிளப்பும் பேச்சு என்றவர்கள் இருந்தார்கள். நிபுணர்களின் அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2019இல் உயர் நீதிமன்றம், அங்கிருந்த அனல் மின் நிலையத்தை இயக்கிய நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறும் நீரைத்தான் நாம் குடிக்கிறோம். ஒரு கிணற்றில் விழுவது அடுத்த வளவுக் கிணற்றுக்கும் போகும். ஆகவே தண்ணீர் பற்றிய பயம் யாழ்ப்பாணத்தானுக்கு மூடநம்பிக்கை அல்ல, அனுபவம். அந்த அனுபவத்தைத்தான் புரளி கட்டுபவன் கடன் வாங்குகிறான். எலிக்காய்ச்சல் காலத்தில் ‘கிணற்றில் கலந்துவிட்டார்கள்’ என்ற கதை எடுபட்டதும் அதனால்தான். வித்தியாசம் எங்கே? சுன்னாகத்து மக்கள் போத்தலில் தங்கள் கிணற்று நீரைப் பிடித்துக் காட்டினார்கள். எங்கள் திண்ணைக்காரரிடம் நான் எந்தக் கிணறு என்று கேட்டபோது, ‘எல்லாக் கிணறும்’ என்றார்.

தடுப்பூசி போட்டால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்பது?

பொய். கொரோனாத் தடுப்பூசியோ, 2017 முதல் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கப் போடப்படும் ஊசியோ மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை. இரண்டாவது ஊசி பிற்காலத்தில் கருப்பையையே எடுக்க வேண்டிய நிலை வராமல் காப்பது.

ஆனால் இந்தக் கதைக்கு இந்த நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கொத்துரொட்டியில் மலடாக்கும் மாத்திரை கலந்ததாகக் கதை கட்டினார்கள். அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில் கண்டிப் பக்கம், திகணையில் வீடுகள் எரிந்தன. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது.

இதன் இன்னொரு பக்கம் நம்முடையது. 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பெண்களுக்குச் சரியாக விளக்கம் சொல்லாமல், வற்புறுத்திக் கருத்தடை மருந்துக் குச்சிகளைத் தோலின் கீழ் வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதைக் கேள்விப்பட்ட ஒரு தாய் பாடசாலை ஊசிக்குக் கையொப்பம் போடத் தயங்கினால் அவளை அறிவில்லாதவள் என்று சொல்லாதீர்கள். என்ன ஊசி, எதற்கு, பின்விளைவு என்ன என்று அவளுக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள். எங்கள் பகுதியில் ஒரு குடும்ப நல உத்தியோகத்தர் அப்படித்தான் செய்தார். தன் மகளுக்கு ஊசி போட்ட அட்டையைக் கையோடு கொண்டுவந்து காட்டினார். ஒரு மணித்தியாலம் எடுத்தது. மூன்று தாய்மார் கையொப்பம் போட்டார்கள், ஒருவர் போடவில்லை.

நடிகர் விவேக் தடுப்பூசியால்தானே இறந்தார்?

அவர் ஊசி போட்டது 2021 ஏப்ரல் 15. இறந்தது 17. இரண்டு திகதியும் உண்மை, அதனால்தான் கதை இவ்வளவு ஓடியது. இந்தியாவில் தடுப்பூசிப் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று முடிவு செய்தது. முடிவு வந்தது ஒக்டோபரில். அதற்குள் நம் ஊரில் எத்தனை முதியவர்கள் வரிசையிலிருந்து வீடு திரும்பினார்களோ.

டெங்குவுக்குப் பப்பாசி இலைச்சாறு நல்லதுதானே? இதையும் பொய் என்பீர்களா?

இதற்குப் பதில் சொல்லித்தான் என் மாமியோடு இரண்டு கிழமை கதையில்லாமல் இருந்தேன்.

டெங்கு மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம் குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) குறைவது அல்ல. இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவதுதான். பப்பாசி இலை அந்தக் கசிவை நிறுத்துவதில்லை. கசிவு தொடங்குவது காய்ச்சல் விடும் நேரத்தில். அங்கேதான் பொறி. மூன்றாம் நாள், நான்காம் நாள் காய்ச்சல் தணிகிறது. சாறு குடித்ததால் சுகமானது என்று வீட்டில் நினைக்கிறார்கள். ஆபத்து அப்போதுதான் வாசலுக்கு வருகிறது. வயிற்றுவலி, ஓயாத சத்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல் கண்டால் காய்ச்சல் இல்லையே என்று பார்க்காமல் கொண்டு ஓடுங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இன்னொன்று, வட்ஸ்அப்பில் வருவதைவிட மருந்துக்கடையில் நடப்பது: உடம்பு நோகிறது என்று கேட்டு டைக்குளோபினக், ஐபுபுரோபன் வாங்குவது. டெங்குக் காலத்தில் அவை இரத்தப்போக்கைத் தூண்டும். பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு. 2017இல் இந்நாட்டில் 186,101 டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். நம் பக்கம் மாரி மழை முடியும் மார்கழி, தை மாதங்கள்தான் கவனம்.

சித்த மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. கைதடியில் அதற்கென்று போதனா வைத்தியசாலையே இருக்கிறது. அங்குள்ள வைத்தியர் நாடி பார்த்து, ஆள் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார். குழுவில் வரும் குறிப்பு எல்லோருக்கும் ஒரே அளவு கொடுக்கிறது.

ஒரு செய்தி பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்று குறளைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் அனுப்புவார்கள். எனவே குறளை விட்டுவிட்டு நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

முதலில் திகதி. பழைய வெள்ளம், பழைய பிணம், பழைய ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் ஒவ்வொரு மாரியிலும் திரும்பி வரும். அடுத்தது, ‘ஒரு பெரிய டொக்டர் சொன்னார்’ என்பதில் டொக்டருக்குப் பெயரும் பணியிடமும் இருக்கிறதா. இருந்தால், அந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா. நம் ஊரில் இது கடினமான ஆராய்ச்சி அல்ல. யாருடைய மச்சாளாவது அங்கே தாதியாக இருப்பார். வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். படமென்றால் கூகிளில் படத்தைக் கொண்டே தேடலாம். இதைப் பேரப்பிள்ளைகள் அரை நிமிடத்தில் செய்து தருவார்கள். ரிக்ரொக் காணொளிகளில் உதடும் குரலும் பொருந்தாமல் இருப்பதை என் கண் பிடிக்காது, அவர்கள் கண் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாடை உண்டு: ‘உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள், நாளை அழித்துவிடுவார்கள்.’ உண்மைக்கு இவ்வளவு அவசரம் இருந்து நான் பார்த்ததில்லை.

பெரியப்பா குழுவில் போட்டால் எப்படி மறுப்பது? மரியாதைக் குறைவாகாதா?

எல்லோர் முன்னிலையிலும் ‘இது பொய்’ என்று எழுதினால் ஆகும். அதற்குப் பிறகு அவர் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது தன் மானத்தைக் காப்பாற்றுவதற்காக.

தனியாக அழையுங்கள். சுகம் விசாரியுங்கள். பிறகு, ‘பெரியப்பா, நீங்கள் போட்டதைப் பார்த்து எனக்கும் பயமாகிவிட்டது, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கேட்டேன், அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். நீங்களே குழுவில் சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள்’ என்று சொல்லுங்கள். பெரியவருடைய அக்கறையையும் அதிகாரத்தையும் பறிக்காமல் திசையை மட்டும் மாற்றுவது இது. என் மகள் என்னிடம் செய்த வித்தை. நான் 2020இல் வெந்நீர் ஆவி பிடித்தால் கொரோனா தொண்டையிலேயே செத்துவிடும் என்று போட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து நானே திருத்தம் போட்டேன், நானாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு. அவள் செய்த வேலை என்று தெரிய ஒரு வருடம் ஆனது.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சொல்லுக்கு இங்கே இருக்கும் எடை உங்களுக்குத் தெரியாது. அனுப்பும் முன், ‘அம்மா, அங்கே என்ன சொல்கிறார்கள்?’ என்று ஒரு முறை கேளுங்கள்.

நானே தவறாக அனுப்பிவிட்டேன். அழித்தால் போதுமா?

போதாது. வாசித்தவர் வாசித்ததுதான். அதே குழுவில், ‘நேற்று நான் அனுப்பியது சரியில்லை, சரியானது இது’ என்று எழுதுங்கள். பொய்யை மறுபடி முழுதாக எழுத வேண்டாம்; சரியானதை முதல் வரியில் எழுதுங்கள். பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள்.

பொய்ச்செய்தி பரப்பினால் சட்டம் என்ன செய்யும்?

தொற்றுநோய்க் கட்டுப்பாட்டுக்கு 1897ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இணையத்தில் பொய்க்கூற்றுப் பரப்புவதற்கு எதிராக 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டாவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எது பொய் என்று தீர்மானிப்பவர் கையில் கோல் கொடுத்தால், அது முதலில் யார் முதுகில் விழும் என்று இந்த மண்ணில் இருப்பவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2020இல் இனவெறுப்புப் பற்றிப் பேஸ்புக்கில் எழுதிய ஒரு முஸ்லிம் ஓய்வூதியர் மாதக்கணக்கில் மறியலில் (சிறையில்) இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் சொன்னது 2023இல். நிலத்தடி நீர்க் கதையைச் சட்டமாக்கியவர்களில் ஒருவரும் மறியலுக்குப் போகவில்லை.

இரவு பத்து மணிக்கு ஒரு செய்தி வருகிறது. யாரைக் கேட்பது?

காய்ச்சல்காரர் வீட்டில் இருந்தால் செய்தியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றால் விடியும் வரை பொறுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆகியோரின் தொலைபேசி எண்களை எங்கள் வாசிகசாலைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் ஒட்டலாம். நோய் வராத மாதத்தில் ஒட்டுங்கள். அவர்கள் ‘இன்னும் பரிசோதனை முடிவு வரவில்லை’ என்று சொன்னால் அதையும் அப்படியே ஊருக்குச் சொல்லுங்கள். அதிகாரிகளுக்கும் இதையே சொல்கிறேன்: தெரியாது என்பதை முதல் நாளே தமிழில் சொல்லிவிட்டால் மூன்றாம் நாள் நீங்கள் சொல்வதைக் கேட்க ஆள் இருக்கும்.

இந்தக் கேள்வி பதில்களை வட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்பலாம். வெட்டி அனுப்பாதீர்கள். எலிக்காய்ச்சல் காலத்தில் நாங்கள் ஒட்டிய அறிவித்தலை ஒருவர் படம் பிடித்து, கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு அனுப்பினார். ‘வயலில் இறங்குபவர்கள்’ என்ற வரி போய், மாத்திரையின் பெயர் மட்டும் மிஞ்சியது. நான்கு நாள் கழித்து அது என் தம்பி ஊடாகப் பாரிசிலிருந்து எனக்கே வந்தது, கீழே ஒரு புது வரியோடு: ‘யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் ஒருவர் சொன்னது.’